டார்லீனின் அம்மா

மெஸ்ஃபினின் மாமியார் எத்தெனேஷ் அம்மாள் செவ்வாய்க்கிழமை எத்தியோப்பியாவில், தெஸ்ஸே ஊரில் காலமானார். அவர் பெற்ற மகள் ஹிரூத்துக்கு அது தெரியாது. கனடாவின் ரெஜைனா நகரத்தில் இருக்கிற மற்ற எத்தியோப்பியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாவுச் செய்தியை ஃபோனில் போட்டு உடைக்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. முதலில் ஊருக்கெல்லாம் சொல்வோம், கடைசியாகத்தான் உரியவருக்குச் சொல்வோம். விடிந்தும் விடியாத நேரத்தில் கூட்டமாக வீட்டுக்குப் போய், உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்ட பிறகே வாயைத் திறப்போம். ஒற்றை ஆளாகப் போய் ஒருவன் சொல்லித் தொலைத்தான் என்றால் அவன் மனிதனே இல்லை என்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஜனம் காலங்கார்த்தாலே கதவு தட்டும் சத்தம் கேட்டால் நடுங்குவது இதனால்தான்.

மெஸ்ஃபினுக்குச் செய்தி வந்தது ரொட்டித் தொழிற்சாலையில், டீ இடைவேளையில். பேசியது ஹிரூத்தின் அண்ணன் சிசாய்.

"மச்சான், அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"ஐயோ..."

"நீ பாட்டுக்கு அவகிட்ட சொல்லிடாதே. தனியா சொல்லவே சொல்லாதே. நாலு பேரைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லு. அவளுக்கு அங்க யாரு இருக்கா, உன்னை விட்டா?"

மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று மெஸ்ஃபின் அழுதான். அந்த அம்மாளை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். மூக்கைச் சிந்திவிட்டு அயலேவுக்கு ஃபோன் போட்டான். அயலேவ் இந்த ஊரில் வெகுகாலமாக டாக்சி ஓட்டுகிறவர். எங்கள் ஆட்களின் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார்.

"அண்ணே, நாளைக்குக் காலைல எல்லாரும் வந்துடுங்கண்ணே."

"நாளைக்கா? யாருடா வருவா?" என்றார் அயலேவ். "நம்ம பொம்பளைங்கள்ல மூத்தவ யெஷி, அவளுக்கு முதியோர் இல்லத்துல வெள்ளி வரைக்கும் ராத்திரி வேலை. பொம்பளைங்க இல்லாம ஒரு பொண்ணுகிட்ட போய் எப்படிச் சொல்றது? சுரங்கத்துக்குப் போனவனுங்க வெள்ளிக்கிழமைதான் வரானுங்க. மிச்ச ரெண்டு பேருக்கு இந்தக் குளிர்ல வண்டி கெளம்ப மாட்டேங்குது. சனிக்கிழமைதான் தம்பி."

"சனிக்கிழமை வரைக்கும் நான் என்னண்ணே பண்றது?"

"வாயைத் தச்சுக்கோ. இந்த ஊர்ல சாகறதுன்னாக்கூட வாரக் கடைசியாப் பாத்துதான்டா சாகணும்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். வீடு என்றால் ஒரு வீட்டின் அடியில் இருக்கிற நிலவறை. ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கும், பனி கொட்டினால் பாதி மூடிக்கொள்ளும். ஹிரூத் இந்த ஊருக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலம் முடியவில்லை. வந்த புதிதில் வாசலைத் தாண்டவே பயந்தாள். எதிரில் வருகிற எல்லோரும் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு வருகிறார்களே, திருடர்களா என்று கேட்டாள். அன்றைக்கு என்னவோ கதவைத் திறக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்கு நான் என்ன பண்ணினேன் சொல்லு? தனியா பஸ் ஏறி ஆங்கில வகுப்புக்குப் போய், தனியாவே திரும்பி வந்துட்டேன்! ஒருத்தரையும் வழி கேக்கலை. கேட்டிருந்தாலும் அவங்க சொல்றது புரிஞ்சிருக்காது, அது வேற. அம்மாகிட்ட சொல்லணும், ஃபோன் போடு."

"லைன் கிடைக்கலை. நானும் மத்தியானம் போட்டுப் பாத்தேன். தெஸ்ஸேல நெட் போயிடுச்சாம்."

"மறுபடியுமா? வெளங்கும் நம்ம நாடு," என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். வாரக்கணக்கில் நெட் போவது எங்கள் ஊரில் சகஜம். அரசாங்கத்தை வாய் ஓயாமல் திட்டுகிறவன் மெஸ்ஃபின். அன்று முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னான்.

புதன்கிழமை டார்லீனிடம் லீவு கேட்டான். டார்லீன் அவனுடைய பகுதிக்கு மேற்பார்வையாளர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மெஸ்ஃபின் என்று முழுசாகச் சொல்லப் பொறுமை இல்லாமல் 'மெஸ்' என்று கூப்பிடுவாள். ஒருநாள் பஸ் நின்றுபோன குளிரில் அவனைத் தன் வண்டியில் ஏற்றி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவள்.

"என் மனைவியோட அம்மா இறந்துட்டாங்க. சனிக்கிழமையிலிருந்து நாலு நாள் வேணும்," என்றான்.

"அட கடவுளே, மெஸ்!" டார்லீன் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினாள். "எடுத்துக்கோ, எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கோ. பாவம், அவ எப்படி இருக்கா?"

"இருக்கா," என்றான் மெஸ்ஃபின்.

அவளுக்கு இன்னும் தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே புரிந்துகொள்வார்கள். தவிர, தாய் செத்தது மகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த ஊரில் யார் நம்புவார்கள்?

வியாழக்கிழமை வேலை முடிந்து தெருமுனையில் திரும்பியபோது வீட்டுக்கு முன்னால் டார்லீனின் சிவப்பு வண்டி நிற்பதைப் பார்த்தான். அன்று அவளுக்கு விடுமுறை. மெஸ்ஃபினுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ஓடினான். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து எழுந்து, மறுபடி ஓடினான்.

இந்தப் புல்வெளி மாகாணத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது சாவு என்று கேட்டால் ஆற அமர யோசிக்கமாட்டார்கள். உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறைய வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். நல்ல வழக்கம்தான். அதில் குறை சொல்ல எதுவுமே இல்லை என்பதுதான் மெஸ்ஃபினின் கெட்ட நேரம்.

உள்ளே காப்பிக்கொட்டை வறுத்த வாசனை. மேஜைமேல் துணி சுற்றிய பாத்திரம். டார்லீன் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்து ஹிரூத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஹிரூத் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கொடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வந்தே," என்றாள் மெஸ்ஃபினைப் பார்த்து, எங்கள் மொழியில். "வந்ததிலேர்ந்து அழறா. அம்மா, அம்மாங்கறா. அது மட்டும்தான் எனக்குப் புரியுது. அவ அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

மெஸ்ஃபின் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கனம் தாங்காத தலை தானாக ஆடியது. அவன் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

"செத்துட்டாங்களா?"

மறுபடியும் தலையை ஆட்டினான்.

"ஐயோ, பாவமே!" ஹிரூத் எழுந்து டார்லீனைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெரிய உடம்பைச் சுற்றி அவள் கைகள் எட்டவில்லை. எட்டின மட்டும் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். டார்லீனும் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு, "அழு, கண்ணு, நல்லா அழுதுடு," என்றாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லி அழுவதைப் பார்த்துக்கொண்டு மெஸ்ஃபின் கதவோரம் நின்றான். ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. ஓடினால் வெளியே எங்கே போவது, மைனஸ் முப்பது டிகிரி குளிர்.

ஹிரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தைப் பார்த்தாள். "இழவு வீட்டுக்காரி இவளே சோறு தூக்கிட்டு வந்திருக்காளே. இவங்க ஊர்ல அப்படியா?"

"இவங்க ஊர்ல அப்படித்தான்."

"பாவம், அவளுக்கு ஆக்கிப்போட ஆளில்லை போலிருக்கு."

டார்லீன் மூக்கைத் துடைத்தாள். "மெஸ், அவகிட்ட சொல்லு. நீ லீவு கேட்ட அன்னிக்கே எங்கம்மாவுக்கு ஃபோன் போட்டேன். இங்க பக்கத்துல மூஸ் ஜா ஊர்ல இருக்கா, எண்பத்தோரு வயசு. ஏன்டி வேலை நேரத்துல கூப்பிடறேன்னு ஒரு திட்டு திட்டினா. அந்தத் திட்டைக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ஹிரூத்துக்கு இனிமே அது கிடையாதேன்னு நெனச்சேன், தாங்கலை."

"என்ன சொல்றா?" என்றாள் ஹிரூத்.

"அவங்கம்மா... ரொம்ப நல்லவங்களாம்," என்றான் மெஸ்ஃபின்.

ஹிரூத் டார்லீனின் கன்னத்தைத் தடவினாள். "அவகிட்ட சொல்லு. தெஸ்ஸேல எங்கம்மா இருக்கா. இனிமே அவளை உங்கம்மான்னு நெனச்சுக்கோன்னு சொல்லு. நெட் வந்ததும் ஃபோன் போட்டுத் தரேன், எங்கம்மா பேசினாலே பாதி துக்கம் போயிடும்னு சொல்லு. சொல்லேன், ஏன் நிக்கறே?"

மெஸ்ஃபின் டார்லீனைப் பார்த்தான். "நன்றின்னு சொல்றா," என்றான்.

"இவ்வளவு நேரம் பேசினாளே?"

"ரொம்ப நன்றின்னு சொல்றா."

டார்லீன் போனதும் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அயலேவுக்கு ஃபோன் போட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

"அடப்பாவி," என்றார் அயலேவ். "வாயைத் தச்சுக்கோன்னு சொன்னா, புதுசா ஒரு பொணத்தையே உண்டாக்கி வச்சிருக்கியேடா!"

"இன்னிக்கே வந்துடுங்கண்ணே. என்னால முடியலை."

"நான் ஒருத்தன் வந்து என்னத்தைப் பண்ண? யெஷி இல்லாம நடக்காது. இன்னும் ஒரு நாள்தானே, பொறுத்துக்கோ. இந்த வெள்ளைக்காரி கதையை நம்மாளுங்க யார்கிட்டயும் மூச்சு விடாதே. காலாகாலத்துக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க."

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து செய்த தப்பு அதுதான், ஆனால் அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஹிரூத் சும்மா இருக்கவில்லை. காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எப்பப் போறோம்?"

"எங்க?"

"டார்லீன் வீட்டுக்குத்தான். துக்கம் கேக்க வேண்டாமா? அவ நம்ம வாசலுக்கே வந்து அழுதுட்டுப் போறா, நாம பேசாம உக்காந்திருக்கோம். நாம என்ன மிருகமா?"

"இவங்க ஊர்ல அதெல்லாம் இல்லை. தனியா விட்டுடணும்."

"தனியாவா? அம்மா செத்தவளையா?" அவளுக்கு நம்பவே முடியவில்லை. "நீ சொன்னா நான் பஸ் ஏறிப் போறேன். எனக்கு இப்ப பஸ் தெரியும். வீடு எங்கேன்னு மட்டும் சொல்லு."

அவள் போய்விடுவாள். அதில் மெஸ்ஃபினுக்குச் சந்தேகமே இல்லை. பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னான். "சனிக்கிழமை போலாம். நம்மாளுங்க எல்லாரும் சேர்ந்து போலாம்னு இருக்கோம். அயலேவ் அண்ணன்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

ஹிரூத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. "நெஜமாவா? எல்லாருமா? ஒரு வெள்ளைக்காரிக்காகவா?" அவள் அவன் தோளில் குத்தினாள். "இந்த ஊர்ல நமக்கு மனுஷங்களே இல்லைன்னு நெனச்சேன், தெரியுமா? தெனமும் நெனப்பேன். நான் செத்தா தூக்க நாலு பேர் வருவாங்களான்னு நெனப்பேன். உன்கிட்ட சொன்னதில்லை."

சாயங்காலம் முழுக்க சமைத்தாள். பருப்புக் குழம்பு காரசாரமாகக் கொதித்தது. தோசை மாதிரி இருக்கும் எங்கள் இஞ்செராவைச் சுட்டுச் சுட்டு அடுக்கினாள். புகை தாளாமல் கூரையில் இருந்த எச்சரிக்கை மணி கத்த, துண்டை வீசி அதை அடக்கினாள். மெஸ்ஃபின் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போதே சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. சிசாய் திட்டட்டும், ஊரே காறித் துப்பட்டும்.

"ஹிரூத்."

"ம்?"

கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தாள். யாருக்கோ தன்னால் உதவ முடிகிறது என்கிற சந்தோஷம். ஊருக்கு வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் கைநீட்டி வாங்கிக்கொண்டே இருந்தவள், முதல் தடவையாக ஒருவருக்குக் கொடுக்கப் போகிறாள்.

"உப்பு கம்மியாப் போடு. இவங்களுக்கு ஆகாது," என்றான் மெஸ்ஃபின்.

சனிக்கிழமை விடியுமுன் கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. எழுந்து வந்தவன் அடுப்பங்கரை வாசலில் அப்படியே நின்றான். ஹிரூத் குளித்து, கறுப்பு உடுத்தி, மெல்லிய வெள்ளைச் சால்வையான நெத்தலாவைக் கரை கழுத்துப் பக்கம் வரும்படி திருப்பிப் போர்த்தியிருந்தாள். சாவு வீட்டுக்கு மட்டும்தான் எங்கள் பெண்கள் அப்படிப் போர்த்துவார்கள். சாப்பாட்டு அடுக்கைத் துணியில் கட்டி வைத்திருந்தாள். ஒரு பின்னல் அலங்காரமும் இல்லாமல் தலையை இழுத்து முடிந்திருந்தாள்.

"இவ்வளவு சீக்கிரமாவா கெளம்பிட்டே?"

"சாவுக்குப் போறவ விடிஞ்சப்புறமா கெளம்புவா? சரியா போட்டிருக்கேனா பாரு, கரையை."

"ஹிரூத், உக்காரு. நான் சொல்றதைக் கேளு."

அதைச் சொல்லி முடிக்கவில்லை, மேலே படிக்கட்டில் பனியை உதறும் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிறைய பூட்ஸ்.

"வந்துட்டாங்க பாரு!" என்று ஹிரூத் கதவுக்கு ஓடினாள்.

அயலேவ் எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தார். முதலில் அவர் நுழைந்து பொதுவாக ஏதாவது பேசுவது, ஹிரூத்தை உட்காரவைப்பது, ஒரு வாய் சாப்பிடவைப்பது, யெஷியும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்த பிறகு விஷயத்துக்கு வருவது. ஆனால் டாக்சியை நிறுத்த இடமில்லை. தெருவில் பனியை வழித்துக் குவித்திருந்தார்கள். பெண்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போய்விட்டார். யெஷிதான் முதலில் படி இறங்கி வந்தாள். ராத்திரியெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு, தூங்காத கண்ணோடு நேரே வந்திருந்தாள்.

கதவு திறந்தது. யெஷி ஹிரூத்தின் கறுப்பைப் பார்த்தாள். திருப்பிப் போர்த்திய நெத்தலாவைப் பார்த்தாள். இந்தப் பையனுக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்ன நினைக்க முடியும்?

"என் பொண்ணே!" என்று அலறி ஹிரூத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்களும் நெஞ்சில் அடித்துக்கொண்டு குரல் எடுத்தார்கள். ஆண்கள் படிக்கட்டிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டுத் தேம்பினார்கள்.

ஹிரூத் முதலில் யெஷியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். டார்லீனுக்காக இவர்கள் இவ்வளவு உருகுகிறார்களே என்று நெகிழ்ந்துபோய்த்தான் தடவினாள். "அழாதீங்கக்கா, அங்க போய் அழுதுக்கலாம்," என்றுகூடச் சொன்னாள்.

"எத்தெனேஷே!" என்று யெஷி பெயர் சொல்லி ஓலமிட்டாள். "மகளைக் கடைசியா ஒரு தடவை பாக்காமப் போயிட்டியே, எத்தெனேஷே!"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

மூச்சு வாங்கப் படி இறங்கி வந்த அயலேவ் உள்ளே பார்த்துவிட்டு, "உக்கார வைங்கடி! முதல்ல உக்கார வைங்க!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஹிரூத் யெஷியின் தோளுக்கு மேலாக மெஸ்ஃபினைத் தேடினாள். அவன் சாப்பாட்டு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை. பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப டார்லீனோட அம்மா?"

மெஸ்ஃபினுக்கு இனிமேல் சொல்ல ஒரு பொய்கூட மிச்சமில்லை.

"நல்லா இருக்காங்க," என்றான். "மூஸ் ஜால."

அதன்பிறகுதான் அவள் கீழே சரிந்தாள். தாங்கிக்கொள்ள அந்தச் சின்ன அறையில் எத்தனையோ கைகள் இருந்தன. மெஸ்ஃபினின் கையை மட்டும் அவள் தள்ளிவிட்டாள்.